மருந்தின் தரம் தெரபி அறைக்குள் எப்படி வருகிறது?

ஆறு வயதுப் பையன். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறான், என்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு வருகிறான். இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேச ஆரம்பித்திருந்தான். "அம்மா வா", "பஸ் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் திடீரென்று மந்தமானான். கூப்பிட்டால் உடனே திரும்புவதில்லை. படத்தைக் காட்டினால் சில நொடி வெறித்துப் பார்ப்பான், அப்புறம்தான் என்ன கேட்டேன் என்பது போல முழிப்பான். நான் படங்களை மாற்றினேன், நேரத்தை மாற்றினேன், பரிசாகக் கொடுக்கும் பொம்மையைக்கூட மாற்றினேன். மூன்று வாரம் போய்விட்டது.

நான்காவது வாரம் அவன் அம்மா தண்ணீர் பாட்டிலை எடுக்கும்போது பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பா உருண்டு விழுந்தது. உள்ளே மாத்திரைகள். அட்டையிலிருந்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டிருந்தார். எடுத்துப் பார்த்தால் பிசுபிசுவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. "வேளை தவறிடக் கூடாதுன்னு மாசத்துக்கு மொத்தமா எண்ணிப் போட்டுட்டேன் மிஸ்" என்றார். அது சோடியம் வால்ப்ரோயேட். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் மருந்து. அட்டையிலிருந்து பிரித்து வைக்கவே கூடாது.

அவன் மந்தமானதற்கு அந்த மாத்திரைகள்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்லும் தகுதி டாக்டருக்குத்தான் உண்டு. அன்றே அவரிடம் அனுப்பினேன். என்னை உறுத்துவது வேறு விஷயம். மூன்று வாரமாக என் பாடத்தைச் சந்தேகப்பட்டேன், பையனின் கவனத்தைச் சந்தேகப்பட்டேன், வீட்டில் செல்போன் அதிகம் கொடுக்கிறார்களோ என்றுகூடக் கேட்டேன். மருந்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. "மருந்து நம் துறை இல்லை" என்று பழகிப்போயிருந்தது.

இருமல் சிரப் செய்தி வரும்போதெல்லாம் "தரமான மருந்து", "போலி மருந்து", "ஜெனரிக் மட்டம்" என்று எல்லோரும் பேசுகிறோம். ஆனால் தரம் என்பது சரியாக என்ன, அது குறைந்தால் குழந்தையின் உடம்பில் என்ன நடக்கிறது, பேச்சு, இயன்முறை (பிசியோதெரபி), தொழில்வழிப் பயிற்சி (ஆக்குபேஷனல் தெரபி) கொடுக்கும் நமக்கு அதில் என்ன வேலை என்பதைப் பேசுவது குறைவு. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பாலை வைத்துப் பார்ப்போம்

பால் வாங்குகிறோம். மனசுக்குள் நான்கு கேள்வி இருக்கும். இது பால்தானா? தண்ணீர் கலந்திருக்கிறதா? வேறு ஏதாவது கலந்திருக்கிறதா? காய்ச்சும்வரை திரியாமல் இருக்குமா?

மருந்துக்கும் இதே நான்குதான். லேபிளில் சொன்ன பொருள் உள்ளே இருக்க வேண்டும். சொன்ன அளவு இருக்க வேண்டும். ஆபத்தான வேறு பொருள் இருக்கக் கூடாது. காலாவதித் தேதி வரைக்கும் கெடாமல் இருக்க வேண்டும். ஐந்தாவதாக, பாலுக்கு இல்லாத ஒரு கேள்வி மருந்துக்கு உண்டு: உள்ளே போனபின் சரியான வேகத்தில் கரைகிறதா? அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். போலி மருந்து என்றால் ஏமாற்றும் எண்ணத்தோடு செய்தது, இன்னொரு கம்பெனியின் பெயரை ஒட்டி விற்பது போல. தரமற்ற மருந்து என்றால் உரிமம் பெற்ற கம்பெனியே செய்தது, ஆனால் நிர்ணயித்த தரத்தை எட்டாதது. நம் ஊரில் பயம் முழுக்கப் போலியைப் பற்றியே இருக்கிறது. தரமற்றதோ சரியான பில்லோடு, சரியான கடையில், சரியான பெட்டியில் வரும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வளரும் நாடுகளில் பத்தில் ஒரு மருந்து இந்த இரண்டில் ஏதோ ஒன்றாக இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் மதிப்பிட்டது.

கல்கண்டும் சீனியும்

ஒரு டம்ளர் பாலில் ஒரு ஸ்பூன் சீனி போடுங்கள், இன்னொன்றில் அதே எடைக்குக் கல்கண்டு போடுங்கள். இனிப்பு ஒரே அளவுதான். ஆனால் உடனே குடித்தால் ஒன்று தித்திக்கும், இன்னொன்றில் கல்கண்டு அடியிலேயே கிடக்கும்.

மாத்திரையும் அப்படித்தான். அதில் நோய்க்கு வேலை செய்யும் பொருள் கொஞ்சம்தான் இருக்கும். அதை மருந்துப்பொருள் என்போம். மாத்திரைக்கு உருவம் கொடுக்க, ஒட்டிப் பிடிக்க, கரைய வைக்கச் சேர்ப்பவை துணைப்பொருட்கள். மருந்துப்பொருள் துல்லியமாக இருந்தும், கரையும் வேகம் மாறினால் ரத்தத்துக்குப் போய்ச் சேரும் அளவு மாறிவிடும்.

இதற்கு 1968இல் ஆஸ்திரேலியாவில் நடந்ததைவிட நல்ல உதாரணம் இல்லை. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் காப்ஸ்யூலில் நிரப்பியாக இருந்த கால்சியம் சல்ஃபேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸைப் போட்டார்கள். மருந்துப்பொருளின் அளவில் கை வைக்கவில்லை. அதுவரை நன்றாக இருந்த நோயாளிகள் தள்ளாட ஆரம்பித்தார்கள். புது நிரப்பியால் மருந்து உடம்பில் அதிகமாக ஏறிவிட்டது. லேபிளில் எழுதிய அளவு ஒன்று, உடம்பு பார்த்த அளவு வேறு.

தலைகீழாகவும் நடக்கும். கார்பமாஸெபைன் என்ற வலிப்பு மாத்திரை ஈரக்காற்றில் கிடந்தால் இறுகிப்போய்ச் சரியாகக் கரையாது. பலனில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்தது. சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், அடுப்புக்கு மேல் அலமாரியில் மாத்திரை டப்பா இருக்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். தொழிற்சாலையில் நல்ல தரத்தோடு கிளம்பிய மருந்து நம் அடுப்படியில் தரம் இழக்கலாம்.

இதுவரை பார்த்தது: தரம் என்றால் அசலா போலியா என்பது மட்டும் இல்லை. சரியான பொருள், சரியான அளவு, சுத்தம், கெடாமை, கரையும் வேகம் ஐந்தும் சேர்ந்தது. அது கம்பெனியிலும் குறையலாம், கடையிலும் குறையலாம், வீட்டிலும் குறையலாம்.

குழந்தைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவலை?

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே குழாய் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. காலையிலும் மாலையிலும் மோட்டார் போட்டு நிரப்புகிறோம். வற்றவும் கூடாது, வழியவும் கூடாது. தொடர்ந்து சாப்பிடும் மருந்து ரத்தத்தில் இப்படித்தான் இருக்கிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு வேளையும் நிரப்பும். ஒரு கோட்டுக்குக் கீழே போனால் வலிப்பு வரும், மேல் கோட்டைத் தாண்டினால் தள்ளாட்டமும் தூக்கமும் வரும். சில மருந்துகளுக்கு இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே இடைவெளி மிகவும் குறைவு. ஃபெனிட்டாயின் அப்படிப்பட்டது.

குழந்தையின் தொட்டி சின்னது. பெரியவருக்குப் பொருட்டில்லாத சிறு வித்தியாசம் 12 கிலோ குழந்தைக்குப் பெரிது. அதோடு, குழந்தைக்கு மருந்து பெரும்பாலும் நீர்ம வடிவில் வருகிறது, அல்லது பெரியவர் மாத்திரையை அரையாக, காலாக உடைத்துக் கொடுக்கிறோம். கையால் உடைத்த இரண்டு பாதியும் சமமாக இருப்பது அரிது. மெதுவாகக் கரைவதற்கென்றே செய்த மாத்திரையைப் பொடி செய்துவிட்டாலோ, நாள் முழுக்க வரவேண்டியது ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

நீர்ம மருந்தில் இன்னொன்று. ரசத்தைக் கலக்காமல் ஊற்றினால் முதலில் தெளிவு வரும், மண்டி அடியில் தங்கும். ஃபெனிட்டாயின், கார்பமாஸெபைன் நீர்ம மருந்துகள் இப்படித்தான். மருந்துப்பொருள் கரைந்திருக்காது, துகளாக மிதந்துகொண்டிருக்கும். இதற்குப் பெயர் தொங்கல் கரைசல். குலுக்காமல் ஊற்றினால் பாட்டிலின் முதல் பாதியில் குழந்தைக்குத் தெளிவுதான் கிடைக்கும். மாதக் கடைசியில் மண்டி முழுவதும் வந்து சேரும். முதல் இரண்டு வாரம் வலிப்பும் கடைசி வாரம் தள்ளாட்டமுமாக ஒரு குழந்தை இருந்தால், இந்தக் கேள்வியை அவசியம் கேட்க வேண்டும்.

இனிப்பான சிரப்பில் விஷம் வந்தது எப்படி?

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 20க்கும் மேல். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். கோல்ட்ரிஃப் என்ற அந்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கும் எல்லை 0.1 சதவீதம்.

டைஎத்திலீன் கிளைக்கால் தொழிற்சாலைகளில் பயன்படும் ஒரு கரைப்பான். சிரப்பில் மருந்தைக் கரைக்க கிளிசரினோ புரோப்பிலீன் கிளைக்காலோ சேர்ப்பார்கள். அவை குழகுழப்பானவை, நிறமில்லாதவை, லேசாக இனிப்பவை. டைஎத்திலீன் கிளைக்காலும் அப்படியே, விலை மட்டும் குறைவு. வந்த டிரம்மில் இருப்பது எது என்று பரிசோதிக்காமல் ஊற்றினால் சிரப் விஷமாகிவிடும். உடம்புக்குள் போனதும் கல்லீரல் இதை அமிலமாக மாற்றும், அந்த அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அரிக்கும். குழந்தை வாந்தி எடுக்கும், சிறுநீர் குறைந்து நின்றுபோகும்.

1937இல் அமெரிக்காவில் இதே பொருளால் 100 பேருக்கு மேல் இறந்தார்கள், அதன் பிறகுதான் அங்கே கடுமையான மருந்துச் சட்டம் வந்தது. அதற்கப்புறம் 1973இல் நம் சென்னையில், 1986இல் மும்பையில், 1998இல் குருகிராமில், 2020இல் ஜம்முவில், 2022இல் காம்பியாவில். எப்படித் தடுப்பது என்பது எப்போதோ தெரிந்துவிட்டது. ஒவ்வொரு டிரம்மையும் பரிசோதிக்க வேண்டும், அவ்வளவுதான். தெரிந்த ஒன்றைச் செய்யாததால் குழந்தைகள் சாவதை என்னால் விபத்து என்று ஏற்க முடியவில்லை.

தெரபிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இந்த விஷம் நரம்பையும் தாக்கும். பிழைத்தவர்களில் சிலருக்கு முகத்தசை செயலிழக்கும், கை கால் தளரும். அவர்கள் நம்மிடம்தான் வருவார்கள். இன்னொன்று, நம்மிடம் ஏற்கெனவே வரும் குழந்தைகளே அடிக்கடி சிரப் குடிப்பவர்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு விழுங்குவது கஷ்டம், சளி சேரும், எல்லா மருந்தும் நீர்மமாகவே போகும். இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து கொடுக்கவே வேண்டாம், ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசே 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. "போன தடவை எழுதிக் கொடுத்த சிரப்பையே வாங்கிட்டேன்" என்று பெற்றோர் சொல்லும்போது இதைச் சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

சுருக்கமாக: குழந்தையின் உடம்பு சின்னது, மருந்து நீர்மமாக வருகிறது. அளவு மாறுவதும் நஞ்சு கலப்பதும் குழந்தையைத்தான் முதலில் தாக்கும்.

தெரபி அறையில் இது என்ன முகத்தோடு வரும்?

டாக்டர் குழந்தையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் பார்ப்பார். நாம் வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம், ஒரே நாற்காலியில், ஒரே வேலையைக் கொடுத்துப் பார்க்கிறோம். மாற்றம் வந்தால் நம் கண்ணில்தான் முதலில் படும். ஆனால் அது "மருந்து" என்று பெயர் எழுதிக்கொண்டு வராது.

ஃபெனிட்டாயின் அதிகமானால் நாக்கு குழறும், நடை தள்ளாடும், கண் ஆடும். பேச்சுப் பயிற்சியாளருக்கு அது உச்சரிப்புக் கோளாறாகத் தெரியும், இயன்முறைப் பயிற்சியாளருக்குச் சமநிலைக் குறைவாகத் தெரியும். வால்ப்ரோயேட் அதிகமானால் கை நடுங்கலாம், தொழில்வழிப் பயிற்சியில் எழுத்து கோணும். குறைந்தால், வலிப்பு எப்போதும் கை கால் வெட்டிக்கொண்டு வருவதில்லை. சில நொடி வெறித்த பார்வையாக மட்டும் வரும். அதைக் "கவனம் இல்லை", "அடம்" என்று நோட்டில் எழுதிவிடுவோம். நானே எழுதினேன்.

மூளை முடக்குவாதத்தில் தசை இறுக்கத்துக்கு பேக்லோஃபென் கொடுப்பார்கள். பலன் குறைந்தால் நேற்று நீட்ட முடிந்த காலை இன்று நீட்ட முடியாது. "வீட்டில் பயிற்சி செய்யலையா?" என்றுதான் முதலில் கேட்போம். செய்துகொண்டிருந்த அம்மாவின் முகம் சுருங்கிவிடும். அதே மருந்து அதிகமானால் குழந்தை துவளும், எச்சில் ஒழுகும், தூங்கி வழியும். வாய்த்தசைப் பயிற்சி வீணாகிறதே என்று நாம் குழம்புவோம்.

தெரபி என்பதே பார்த்து, அளந்து, அடுத்த அடி எது என்று முடிவெடுப்பது. எந்த அடியால் பலன் வந்தது என்று தெரிய, மற்றவை மாறாமல் இருக்க வேண்டும். மருந்து ரகசியமாக மாறிக்கொண்டிருந்தால் நல்ல பயிற்சியைக் கைவிடுவோம், பலனில்லாததைப் பிடித்துத் தொங்குவோம். கூடவே பிள்ளையையும் பெற்றோரையும் குறை சொல்வோம்.

ஜெனரிக் என்றால் மட்டமா?

இல்லை. ஜெனரிக் என்பது அதே மருந்துப்பொருளை அதன் பொதுப் பெயரில் விற்பது. தரம் என்பது தயாரிப்பிலும் பரிசோதனையிலும் இருக்கிறது, பெயரில் இல்லை. சிந்த்வாடாவில் குழந்தைகள் குடித்தது பிராண்டு பெயர் போட்ட சிரப்தான். வலிப்பு மருந்துகளில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். ஃபெனிட்டாயின், கார்பமாஸெபைன் போன்றவற்றை ஒரே தயாரிப்பாளருடையதாகத் தொடரச் சொல்லி பிரிட்டன் அரசின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2013இல் அறிவுறுத்தியது. காரணம் ஒன்று நல்லது, ஒன்று கெட்டது என்பதல்ல. கல்கண்டு, சீனி கதைதான். பழகிய கரையும் வேகம் மாறக் கூடாது. கடையில் "அந்தக் கம்பெனி இல்லை, இதை எடுத்துக்குங்க" என்றால், வாங்குவதற்கு முன் டாக்டருக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.

ஆன்லைனில் வரும் "மூளை வளர்ச்சி" பொடி, லேகியம் பற்றியும் கேளுங்கள். பேசாத பிள்ளையைப் பேச வைக்க வேண்டும் என்ற ஏக்கத்தில் எந்தப் பெற்றோரும் வாங்குவார்கள், அவர்களைத் திட்டாதீர்கள். தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சில மூலிகைத் தயாரிப்புகளில் ஈயம் இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. வளரும் மூளையைத்தான் அது முதலில் கெடுக்கும்.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், செய்யக் கூடாதது. "இந்த மருந்தை நிறுத்திப் பாருங்க" என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. வலிப்பு மருந்தையும் பேக்லோஃபெனையும் சட்டென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நம் வேலை கவனிப்பது, எழுதுவது, டாக்டருக்குத் தெரிவிப்பது.

என் நோட்டில் இப்போது ஒவ்வொரு குழந்தைக்கும் மருந்துக்கென்று ஒரு வரி இருக்கிறது. மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச் எண், புது பாட்டில் திறந்த தேதி, கடைசி வேளை கொடுத்த நேரம். பேட்ச் எண் என்பது ஒரே தடவையில் தயாரித்த மருந்துகளுக்கெல்லாம் போடும் பொது எண். ஒரு மருந்து தரமற்றது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் பட்டியல் வெளியிடும்போது இந்த எண்ணை வைத்துத்தான் அடையாளம் காண முடியும். மாற்றம் வந்த வாரமும் பாட்டில் மாறிய வாரமும் ஒன்றாக இருக்கிறதா என்று இந்த ஒரு வரி காட்டிவிடும்.

மாதம் ஒருமுறை "மருந்துப் பையை அப்படியே கொண்டு வாங்க" என்கிறேன். எப்படி ஊற்றுகிறீர்கள் என்று கேட்காமல், ஊற்றிக் காட்டச் சொல்கிறேன். கேட்டால் எல்லோரும் குலுக்குவதாகத்தான் சொல்வார்கள். காட்டச் சொன்னால் பாட்டில் குலுங்குகிறதா, சமையல் ஸ்பூன் வருகிறதா, அளவு மூடி வருகிறதா என்று தெரிந்துவிடும்.

சந்தேகம் வந்தால் மீதி மருந்தைக் கொட்டிவிட வேண்டாம், பாட்டிலையும் பில்லையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். பாட்டில் இல்லாமல் எதையும் பரிசோதிக்க முடியாது. டாக்டருக்கு நாம் எழுதும் குறிப்பில் "மருந்து சரியில்லை" என்று எழுதக் கூடாது. "பத்தாம் தேதியிலிருந்து ஒரு அமர்வில் மூன்று முறை வெறித்துப் பார்க்கிறான், எட்டாம் தேதி புது பாட்டில் திறந்திருக்கிறார்கள்" என்று எழுதினால் அவர் முடிவெடுக்க உதவும். மருந்தால் பாதிப்பு என்று சந்தேகித்தால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பெற்றோரும் சொல்லலாம், நாமும் சொல்லலாம்.

அந்தப் பையனின் அம்மா இப்போதும் டப்பாதான் வைத்திருக்கிறார். வேளை தவறாமல் இருக்க அவருக்கு அது வேண்டும். ஆனால் மாத்திரையைப் பிரிப்பதில்லை. அட்டையைக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு மாத்திரையாக, அதைச் சுற்றியுள்ள உறை கிழியாமல் வெட்டி, எண்ணிப் போட்டு வைக்கிறார். பேட்ச் எண் அச்சடித்த ஓரத்தை மட்டும் வெட்டாமல் விட்டு, கடைசியாக எடுக்கிறார்.